பதில் வருகிற வரைக்கும்

கருமாதி முடிந்த மறுநாளே மாசிலாமணி மடத்துக்குத் திரும்பிவிட்டார். கால்கூடக் கழுவாமல் நேரே குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"சாமி, நீங்க குடுத்தது எனக்கு உதவல. வேற ஒண்ணு குடுங்க."

"எதைச் சொல்லுதீரு?"

"அசையாதேன்னு சொன்னீங்களே, அதை."

குரு நீலகண்டர் மாசிலாமணியைவிட வயதில் இளையவர். மழித்த அந்தத் தலையை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாசிலாமணி ஊரில் தானியக் கடை வைத்திருந்தவர். கம்போ சோளமோ, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரத்தி ஊதிப் பார்க்காமல் வாங்கமாட்டார். வாழ்கிறதுக்கு ஒரு தத்துவம் வேண்டும் என்று தோன்றியபோதும் அப்படித்தான் ஊதி ஊதிப் பார்த்தார். எல்லாம் தலையெழுத்து என்றார் ஒருவர். கடைக்குள் எலி புகுந்த அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. பலனை நினைக்காமல் கடமையைச் செய் என்றார் இன்னொருவர். பலனை நினைக்காத கடைக்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? நாலு பேருக்கு நல்லது செய்வோம் என்று இறங்கினார். அந்த நாலு பேருக்குள் சண்டை வந்து, இரண்டு கட்சியும் சேர்ந்து இவரை ஏசியது.

கடைசியில் ஒரு சாயங்காலம் இந்த மடத்தில் நீலகண்டர் சொல்லக் கேட்டார். "எது வந்தாலும் அசையாதவன் தப்பிச்சான்." கல்லும் பதரும் இல்லாத சரக்கு இதுதான் என்று மாசிலாமணிக்குப் பட்டது. வீட்டுக்குப் போய் மனைவி செண்பகவல்லியிடம் சொன்னார்.

"போயிட்டு வாங்க. நான் கூப்பிட்டா வருவீங்கள்லா?" என்று அவள் கேட்டாள்.

"வராம எங்க போவேன்?" என்றார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மண்டலம் மௌனம் இருக்கிறவரை மருத மரத்தடியில் உட்காரவைத்து, குருவே தன் கையால் சுற்றிலும் திருநீற்றில் கோடு போடுவார். கோட்டுக்குள் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே கால் வைக்கக்கூடாது. மாசிலாமணி அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தம்பி சிதம்பரம் ஓடி வந்தான்.

"அண்ணே, மதினிக்கு ரொம்ப முடியல. உன்னையத்தான் கேக்காக. வாண்ணே."

மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை. சிதம்பரத்துக்குச் சாமி பயம் அதிகம், கோட்டைத் தாண்டக் கால் வரவில்லை. அந்தப்புறம் நின்றே கூப்பிட்டான். வெயில் ஏறி இறங்கும்வரை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மண்டலம் முடிந்து மாசிலாமணி வீடு போய்ச் சேர்ந்தபோது, வாசலில் போட்ட பந்தலைப் பிரித்திருந்தார்கள். கொள்ளி வைத்தது தம்பி.

தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னான்.

"ஒருநாளும் உன் பேரை வாயால சொல்லாதவுக, அன்னைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகண்ணே. விடியுற வரைக்கும். அண்ணன் வந்துக்கிட்டே இருக்குன்னு நானும் விடியுற வரைக்கும் பொய் சொன்னேன்."

இப்போது மாசிலாமணி குருவைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒரு பிசகும் இல்லாமத்தான் இருந்தேன், சாமி."

"இருந்தீரு. நானும் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"உம்ம தம்பி என் காலைப் பிடிச்சான். எழுப்பிவிடுங்க சாமின்னு அழுதான். மௌனம் கலையக்கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சது நான்தான்."

மாசிலாமணிக்குக் குருவின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அந்த நாளில் உள்ளுக்குள் தான் இருந்த இருப்பு தனக்கு மட்டும்தானே தெரியும்.

"தம்பி கூப்பிட்டப்போ உமக்கு என்ன தோணிச்சு?" என்று குரு கேட்டார்.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"சந்தோசமா இருந்திச்சு, சாமி. பொண்டாட்டி சாகக் கெடக்கா, அப்பவும் நான் அசையலையே, ஜெயிச்சிட்டேனேன்னு இருந்திச்சு."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குரு தடுக்கவில்லை.

"நாளைக்கு விடிஞ்சா எதைப் பிடிச்சிக்கிட்டு எந்திரிப்பேன்? விழுந்து சாகலாம்னா ஆத்துல கணுக்காலுக்குத் தண்ணி இல்ல. ஒரு வார்த்தை குடுங்க, சாமி."

"எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் இப்படி ஆயிட்டு."

அப்போது உச்சிவேளை மணி அடித்தது. சோறு வெந்து இறக்கியாகிவிட்டது. ஆனால் மடத்தில் உடனே இலை போடமாட்டார்கள். ஒருவர் வெளிவாசலுக்குப் போய், பசித்தவர்கள் உண்டா என்று மூன்று தடவை கூப்பிடவேண்டும். யாராவது வந்தால் அவருக்கு முதல் இலை. வராவிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் பந்தி. மழை பொய்த்து, சுற்றுவட்டாரம் பிழைப்புத் தேடிக் கிளம்பிப் போனதிலிருந்து யாரும் வந்ததில்லை. ஆனாலும் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் பாதிக் கொட்டாவியோடு கூப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதே கதவைச் சாத்திவிடுவது பழக்கமாகியிருந்தது.

"இன்னைக்கு நீரு போய்க் கூப்பிடும்" என்றார் குரு.

"இந்த நெலமையிலயா?"

"போம்."

மாசிலாமணி போனார். வெளிவாசலில் நின்று, "பசிச்சவங்க யாராச்சும் உண்டா?" என்று மூன்று தடவை கூப்பிட்டார். எதிரே வறண்ட ஆறு, அதற்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. ஒரு காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வந்தாங்களா?"

"இல்ல."

"கதவைத் திறந்துவச்சிக் கூப்பிடும்."

"மூணு தடவை ஆச்சே, சாமி."

"பதில் வருற வரைக்கும் கூப்பிடும்."

மறுபடி போய் நின்றார். கூப்பிட்டார். பாதையைப் பார்த்தார். கூப்பிட்டார். உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது. பசி தாங்காத ஒருவர், "வராத ஆளைக் கூப்பிடச் சொல்லி நம்ம வயித்தைக் காயப்போடுதாரே" என்று முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தொண்டை வறண்டது. காற்றில் ஏதாவது ஆடினால் ஆள் வருகிறதோ என்று மாசிலாமணி எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு வேலிமுள் புதர் மனிதன்போலத் தெரிந்தது. அது புதர்தான் என்று தெரிந்த பிறகும் கொஞ்சநேரம் அதைப் பார்த்தே கூப்பிட்டார். பிறகு எப்போதோ, கூப்பிட வேண்டியதை விட்டுவிட்டு, "செண்பகம்" என்று கூப்பிட்டிருந்தார். தன் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. குரு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. இரண்டு பேரும் பாதையைப் பார்த்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம் கூப்பிடணும், சாமி?" என்று மாசிலாமணி கேட்டார். குரல் போயிருந்தது. "அந்தப் பக்கம் கேக்கதுக்கு ஆளே இல்லையே."

குரு பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உம்ம வீட்டுக்காரம்மா எவ்வளவு நேரம் கூப்பிட்டாக?"