நாலாவது வரிமேல் உட்கார்ந்த மஞ்சள் சீட்டு

முன்னொரு காலத்தில் என்று சொல்லமாட்டேன், போன மாதம்தான். ஒரு குட்டி விமானத்தின் விமானி அறையில் மூன்று காகிதங்கள் குடித்தனம் நடத்தின. மடித்து மடித்து இடுப்பு ஒடிந்த வரைபடம், வானிலைக் குறிப்பு, பிளாஸ்டிக் உறை போட்ட சரிபார்ப்புப் பட்டியல். மூன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு கிளிப். எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததால் கிளிப்புக்குப் பேச்சு வராது.

வரைபடம் மலை, ஆறு என்று ஊர்க்கதை பேசும். வானிலைக் குறிப்பு அன்றைய சேதியைச் சுடச்சுடச் சொல்லும். பட்டியலோ கதவு சாத்தியாச்சா, பெல்ட் போட்டாச்சா என்று தினமும் ஒரே பாட்டு. அது வாயைத் திறந்தாலே மற்ற இரண்டும் கொட்டாவி விடும். நேற்றும் இதைத்தானே கேட்டாய் என்று சீண்டினால், நாளைக்கும் கேட்பேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஒரு நாள் கிளம்பிய பிறகு துணை விமானி தாமோதரன் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் அவசரமாக ஏதோ கிறுக்கினார். இறங்கும்போது கட்டாயம் கண்ணில் படவேண்டும், எங்கே ஒட்டுவது என்று யோசித்தார். பட்டியலைப் பார்க்காமல் யாராவது இறங்குவார்களா? அதன்மேலேயே ஒட்டிவிட்டார். மனுஷன் மகா புத்திசாலி.

சீட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த முதல் நாளே முதல் மரியாதை. தன்மேல் எழுதியிருப்பது பெரிய ரகசியம், அதை விமானிகள் தவிர யாரும் படிக்கக்கூடாது என்று பீற்றிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி உட்காரப்பா என்று பட்டியல் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தது. கிழடுகளுக்குப் பொறாமை என்றது சீட்டு.

ஓடுபாதை கண்ணில் பட்டது. தாமோதரன் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்க, கேப்டன் நூர்ஜஹான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பெல்ட் போட்டாச்சு, எரிபொருள் பார்த்தாச்சு, விளக்கு போட்டாச்சு. அடுத்து ஐந்தாவது கேள்விக்குத் தாவினார் தாமோதரன். இறங்கத் தயாரா? தயார் என்றார் கேப்டன்.

பட்டியலுக்கு உயிரே போய்விட்டது. பின்னால் ஆறு பயணிகள். ஒருவர் நிம்மதியாகக் கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தார்.

"நீ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய், தெரியுமா?" என்று கேட்டது பட்டியல்.

"நாலாவது வரிமேல். அதற்கென்ன?"

"சக்கரம் இறக்கியாச்சா என்று கேட்கிற வரி அது."

சீட்டு கொஞ்சம் வெளிறியது. "இறக்கியாச்சா?"

"அதைக் கேட்கவிடாமல்தானே உட்கார்ந்திருக்கிறாய்."

சீட்டு கீழே பார்த்தது. ஓடுபாதை ஓடி வந்துகொண்டிருந்தது. கிடைத்த நாற்காலியை விட்டுக்கொடுக்க அதற்கு மனசே வரவில்லை, அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பசையைத் தளர்த்தியது. ஏசிக் காற்று ஒரு தள்ளு தள்ள, கேப்டன் மடியில் போய் விழுந்தது.

தாமோதரன் பட்டியலைப் பார்த்தார். "மேடம், நாலு. சக்கரம்?"

இறக்கியாச்சு என்று பழக்கத்தில் கேப்டனின் வாய் பாதி சொல்லிவிட்டது. அப்புறம்தான் கண் போனது. சக்கரம் இறங்கியிருந்தால் எரியவேண்டிய மூன்று பச்சை விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றிவந்து, சக்கரத்தை இறக்கி, அப்புறம் இறங்கினார். கடலை உருண்டைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, இன்னொரு சுற்று இலவசம் என்று சந்தோஷப்பட்டார்.

விமானம் நின்றதும் கேப்டன் மடியிலிருந்த ரகசியத்தை எடுத்து வாசித்தார். 'மோர் மிளகாய் கால் கிலோ. மறந்தால் வீட்டுக்கு வரவேண்டாம்.'

"இதுக்காகவா தாமு, வயித்தைத் தேய்ச்சு இறங்கப் பார்த்தோம்?" என்று கேட்டுவிட்டு, அதை அவர் சட்டைப் பையிலேயே ஒட்டிவிட்டார். தாமோதரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டியல் வழக்கம்போல ஆரம்பித்தது: "கதவு சாத்தியாச்சா?"

யாரும் கொட்டாவி விடவில்லை. ஒடிந்த இடுப்போடு வரைபடம் எம்பி எம்பிக் கதவைப் பார்த்தது.