நல்லுறவுக் குழுவும் நாலு முட்டையும்

மூங்கிலணை ஏரிக்கரையில் ஒரு காட்டெருமைப் படை வந்து முகாம் போட்டது. மேற்கு மலையில் புலி ஒன்று திரிகிறது, அதனிடமிருந்து ஏரியைக் காப்பாற்றப் போகிறோம் என்றது படை. காப்பாற்ற வந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது. வந்த வேகத்தில் கரைப் புல்லை மொட்டையடித்தார்கள், அவ்வளவுதான்!

முகாமுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கூழாங்கல் திடல். அந்தத் திடலில்தான் செவந்தி என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை இடுவார்கள். முட்டையும் கல் நிறம்தான். பக்கத்தில் வந்து நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. திருட வருகிறவனுக்குத் தெரியாமல் இருப்பது நல்லதுதான். மிதிக்க வருகிறவனுக்கும் தெரியவில்லையே, என்ன செய்வது?

தினமும் சாயங்காலம் படை தண்ணீருக்கு இறங்கும். ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் போகிறவரின் வாலைப் பார்த்தபடி, திடலின் நடுவிலேயே நடப்பார்கள். கீழே குனிந்து பார்த்தால் கம்பீரம் குறைந்துவிடுமாம். செவந்தி தலைக்கு மேலே பறந்து பறந்து கத்துவாள்.

"காலு! காலு! பார்த்து வைங்கய்யா காலை!"

யார் கேட்டார்கள்? ஒருநாள் ஒரு குளம்பு முட்டைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. செவந்தி நேரே முகாம் வாசலுக்குப் பறந்தாள். அங்கே ஒரு காவல் எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"அண்ணே, திடல்ல என் முட்டை கிடக்கு. ஒரு பத்தடி தள்ளி நடக்கச் சொல்லுங்களேன்!"

"பொதுமக்கள் எங்களோட நேரடியாப் பேசக்கூடாதும்மா. உங்க தலைவர்கள் மூலமா வா."

"பத்தடி தள்ளி நடக்கறதுக்குத் தலைவர் எதுக்குண்ணே?"

"அதுக்குத்தானே நல்லுறவுக் குழு வச்சிருக்கோம்!" என்றது காவல் எருமை பெருமையாக.

ஆமாம், அப்படி ஒரு குழு இருந்தது. படையும் ஏரிக்காரர்களும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்று ஏற்படுத்தியது. ஏரியின் தலைவர் பொறுமையார் என்ற கிழட்டு ஆமைதான் அதற்கும் தலைவர். வெள்ளைச்சாமி என்ற கொக்கு செயலாளர். எந்நேரமும் ஒற்றைக்காலில் நின்று யோசிப்பார். மீன் தட்டுப்பட்டால் யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

"நல்ல நேரத்தில் வந்தாய்!" என்றார் பொறுமையார். "நாளைக்குத்தான் நல்லுறவுக் கூட்டம். வந்து பேசு. ஆனால் சுருக்கமாகப் பேசு. பாராட்டுரைகள் நிறைய இருக்கின்றன."

மறுநாள் கூட்டம் நடந்தது. நடந்ததா! அடேயப்பா! படைத் தளபதி கருங்கொம்பருக்குப் பொறுமையார் தாமரை இலையால் பொன்னாடை போர்த்தினார். ஏரியிலேயே பெரிய இலை. அது தளபதியின் கொம்பில் மாட்டி, இரண்டு காதையும் மூடிக்கொண்டு தொங்கியது. மரியாதைக்குப் போட்டதை எடுத்தால் நன்றாக இருக்குமா? தளபதி அப்படியே உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு அவர் ஏரிக்காரர்களுக்கு ஒரு கட்டுப் புல்லை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். எல்லாம் ஏரிக்கரைப் புல்தான். வாங்கிக்கொண்டு பொறுமையார் கண்கலங்கினார்.

பிறகு பேச்சு. தலைவர் தளபதியைப் பாராட்டினார். தளபதி தலைவரைப் பாராட்டினார். வெள்ளைச்சாமி இருவரையும் பாராட்டிவிட்டு, இருவரும் தன்னைப் பாராட்ட மறந்ததை நினைவூட்டினார். பொழுது சாய்ந்தபோதுதான் செவந்திக்கு வாய்ப்பு வந்தது.

"ஐயா, என் முட்டை நாலும் உங்க ஆளுங்க போற வழியிலதான் கிடக்கு. பொரியறவரைக்கும் பத்தடி தள்ளி நடங்கய்யா. புண்ணியமாப் போகும்!"

தாமரை இலைக்குள்ளிருந்து தளபதி தலையை ஆட்டினார். என்ன கேட்டதோ, எதற்கு ஆட்டினாரோ!

"மறைத்து வைத்தால் வீரர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெள்ளைச்சாமி. "முட்டையைச் சுற்றிச் செந்தாமரைப் பூக்களைக் குத்தி வைப்போம். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா காக்காய்க்கும் தெரியுமேங்க! ஒரே நாள்ல குடிச்சுட்டுப் போயிடுமே!"

"பார்த்தீர்களா தலைவரே? நாம் வழி சொன்னால் இவள் மறுக்கிறாள்."

அப்போது தளபதி தொண்டையைச் செருமினார். "எங்கள் தரப்பிலும் ஒரு சின்னக் குறை உண்டு. திடலில் ஏதோ ஒரு பறவை எந்நேரமும் கத்துகிறது. என் வீரர்களின் மதியத் தூக்கம் கெடுகிறது."

பொறுமையார் பதறிப்போனார். விருந்தாளியின் தூக்கம் கெடலாமா! அடுத்த நொடியே தீர்மானம் நிறைவேறியது. நல்லுறவின் அடையாளமாகச் செவந்தி இனிமேல் கத்தக்கூடாது. கத்தினால் திடலைக் காலி செய்ய வேண்டும். எல்லாரும் இறக்கை தட்டினார்கள். இறக்கை இல்லாதவர்கள் வாலால் தரையைத் தட்டினார்கள்.

"முட்டையை அலகுல தூக்கிக்கிட்டா காலி பண்ணுவேன்?" என்று செவந்தி கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து செவந்தி வாயைத் திறக்கவில்லை. குளம்புகள் வரும்போது முட்டைமேல் குப்புறப் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். குளம்புச் சத்தம் போய்விட்டால் எழுந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தடவிப் பார்ப்பாள். ஏரியில் நல்லுறவு அமோகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் படை தண்ணீரில் கிடந்தது. காவல் எருமைக்கு நல்ல தூக்கம். இப்போதுதான் இடைஞ்சல் செய்ய ஆளில்லையே! செவந்தி தற்செயலாக நாணல் பக்கம் திரும்பினாள். நாணல் அசைந்தது. காற்றே இல்லை, ஆனாலும் அசைந்தது. மஞ்சள் தெரிந்தது. அதில் கறுப்புக் கோடும் தெரிந்தது.

புலி!

தொண்டைவரை வந்த கூச்சலைச் செவந்தி விழுங்கிக்கொண்டாள். கத்தினால் திடலைவிட்டுத் துரத்துவார்களே! முட்டைகள் அநாதையாகப் போய்விடுமே! சத்தமில்லாமல் வெள்ளைச்சாமியிடம் பறந்தாள்.

"ஐயா, புலி வந்திருக்கு! நாணலுக்குள்ள! சீக்கிரம் சொல்லுங்க!"

வெள்ளைச்சாமி ஒரு மீனை விழுங்கி முடித்தார். "அப்படியா? படை சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த கூட்டத்தில் முதலாவதாக எடுத்துக்கொள்வோம்."

"அதுவரைக்கும் புலி காத்துக்கிட்டு இருக்குமாய்யா?"

இன்னொரு மீன் வந்துவிட்டது. செவந்தி திரும்பிப் பார்த்தாள். புலி நாணலைத் தாண்டி, பின்னங்காலை மடக்கிப் பதுங்கிவிட்டது. தளபதியின் முதுகு அதற்கு நேர் எதிரே இருந்தது.

நீங்கள் கேட்கலாம். படை அழிந்தால் அவளுக்கு என்ன நஷ்டம்? திடலில் மிதிக்க ஆளில்லாமல் போகுமே! அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் கண்ணெதிரே ஒரு உயிர் போவதை ஆள்காட்டியால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"புலி! புலி! பின்னால பாருங்கய்யா, புலி!"

ஏரியே அதிர்ந்தது. படை துள்ளி எழுந்தது. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் புலி ஒரே பாய்ச்சலில் மலைப்பக்கம் ஓடிவிட்டது. ஆனால் அது மிகக் கிட்டே வந்திருந்தது. முன்பே தெரிந்திருந்தால் படை வட்டம் கட்டி நின்றிருக்கும். இப்போது அணியாவது வரிசையாவது! அடித்துப் பிடித்துக்கொண்டு முகாமைப் பார்த்து ஓடியது. திடல் வழியாகத்தான்!

செவந்தி அம்பாகப் பாய்ந்து முட்டைகளின் முன்னால் நின்றாள். இரண்டு இறக்கையையும் விரித்தாள். முன்னால் ஓடிவந்த கருங்கொம்பர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே பார்த்தார். அதற்குள் ஒரு குளம்பு அவளைத் தாண்டி விழுந்துவிட்டது. அதை அழுத்தி ஊன்றி நின்றார். பின்னால் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து ஓடினார்கள்.

சத்தமெல்லாம் அடங்கியபின் தளபதி மெதுவாகக் காலைத் தூக்கினார். அடியில் ஒரு முட்டை நசுங்கிக் கிடந்தது. மூன்றுதான் மிச்சம்.

"இங்கே முட்டை இருப்பதாக என்னிடம் யாரும் சொல்லவில்லையே!" என்றார் தளபதி.

"சொன்னேனே ஐயா. உங்க காதுல இலை தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் செவந்தி. மிச்சம் மூன்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். புலியை விரட்டியது நல்லுறவுக் குழுவின் மாபெரும் சாதனை என்று பொறுமையார் அறிவித்தார். தளபதிக்கு முன்னதைவிடப் பெரிய இலையாகப் பார்த்துப் போர்த்தினார். பிறகு குரலைத் தழைத்தார்.

"ஏரிக்காக வீரமரணம் எய்திய அந்த முட்டைக்கு அனைவரும் எழுந்து நின்று சிறிது நேரம் மௌன அஞ்சலி செலுத்துவோம்!"

"மௌனமா?" செவந்தி மேடைமேலேயே வந்து இறங்கினாள். "என் பிள்ளையைக் கொன்னதே நீங்க போட்ட மௌனம்தானேய்யா! இன்னும் வேற மௌனமா?"

கருங்கொம்பர் தலையை ஓர் உலுக்கு உலுக்கினார். இலை தெறித்துப் போய்ப் பொறுமையாரின் முகத்தில் விழுந்தது.

"உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?"

"அன்னைக்குக் கேட்டதுதான் ஐயா. பத்தடி."

தளபதி திடலுக்கு நடந்தார். முட்டைகளுக்குப் பத்தடி தள்ளிக் கொம்பால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "இனி வழி இதுதான். இந்த அம்மா எப்போது கத்தினாலும் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும்" என்றார்.

வெள்ளைச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். "தளபதி, தளபதி! இதற்கு ஒரு தீர்மானம் போட்டு, பிறகுதானே..."

"நீங்கள் கொஞ்சம் மௌனமாக இருங்கள்" என்றார் தளபதி.

சில நாளில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, போகிற வருகிற எருமைகளையெல்லாம் அதட்டின.

மேடையில் போர்த்துகிற பொன்னாடையால் உறவு வளராது, காலடியில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் வளரும்.