பச்சோந்தி போட்ட பத்துக் கணக்கு

மிருகங்கள் மனிதரைவிடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பச்சோந்தியின் கண்கள் இரண்டும் நேர் முன்னால் மட்டும்தான் பார்க்கும். எதைப் பார்த்தாலும் இரண்டும் ஒரே புள்ளியில் போய் நிற்கும். கவனம் சிதறாது. அதனால்தான் அதற்குக் கணக்கு வந்தது என்பார்கள். கூட்டவும் வகுக்கவும் தெரிந்த ஒரே உயிர் அந்தக் காட்டில் அதுதான். மற்றவை எல்லாம் 'கொஞ்சம்', 'நிறைய' என்பதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவை.

எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். அங்கே ஒன்றுமே இல்லையே என்று திரும்பி வந்து சண்டைக்கு நிற்பீர்கள்.

ஒரு கோடையில் ஆறும் ஓடையும் வற்றிப்போயின. இறக்கை உள்ளவை பறந்துவிட்டன. புலி குடும்பத்தோடு மேற்கே போய்விட்டது. பாறை இடுக்கில் ஒரு சுனை மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அதை நம்பி மிஞ்சியவர்கள் ஐந்து பேர்: யானை, காட்டெருமை, மான், குரங்கு, முயல். பச்சோந்தி சுனையோரத்து விளாமரத்தில் இருந்தது. ஆனால் இலையில் நிற்கும் பனித்துளியை நக்கியே பிழைத்துக்கொள்ளும்.

தண்ணீர் எல்லோருக்கும் போதும். தொல்லை எல்லாம் யார் முதலில் குடிப்பது என்பதில்தான். யானை விடிந்ததும் வந்து தும்பிக்கையை வைத்தால் சுனை தரை தட்டிவிடும். மறுபடி ஊறும்வரை மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும்.

"பெரியம்மா, நீங்க ஒரு வாய் உறிஞ்சிட்டுப் போனா நாங்க பொழுது சாயறவரைக்கும் பாறையை நக்கிக்கிட்டுக் கிடக்கணும்" என்றது குரங்கு.

"ஆசைக்கா குடிக்கிறேன்? உடம்பு கேக்குதுடா" என்றது யானை. அப்புறம் அதற்கே கூச்சமாகிவிட்டது. "நீ சொல்றதும் நியாயம்தான். பச்சோந்தி தம்பி ஒரு கணக்குப் போட்டுச் சொல்லட்டும். நான் கட்டுப்படறேன்."

யானை ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்தக் காட்டில் மற்றவர்களெல்லாம் அதை நம்பித்தான் அதன் காலடியில் தூங்கினார்கள்.

பச்சோந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்தது. அளவைக்குச் சுரைக்குடுக்கை. யானைக்கு ஒரு நாளைக்கு நாற்பது குடுக்கை. காட்டெருமைக்கு ஆறு. மானுக்கு இரண்டு. குரங்குக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று.

"எங்கள்ல அதிகம் பேர் குடிக்கிறது ஒண்ணுதானே? நானும் ஒண்ணு, குரங்கு மாமாவும் ஒண்ணு. அதையே பொதுவா வெச்சிடலாம்" என்று முயல் முந்திக்கொண்டது.

"அப்ப நான் இப்பவே படுத்துக்கவா? மண்ணைத் தள்ளிடுவீங்களா?" என்றது காட்டெருமை.

மான் யோசித்தது. "குறைவா குடிக்கிறவர்லேருந்து வரிசையா நில்லுங்க. பாத்தீங்களா, நட்டநடுவுல நான். ரெண்டு. நடுவுல இருக்கிறதுதான் நியாயம்."

"எங்க நின்னா நியாயம் கிடைக்கும்னு பாத்துத்தான் நிக்கிறே" என்றது குரங்கு.

பச்சோந்திக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டும் அரைகுறை. யானையக்காவோட நாற்பது எங்க போச்சு? எல்லாத்தையும் கூட்டணும். ஐம்பது. ஆள் அஞ்சு. வகுத்தா தலைக்குப் பத்து. சுனை ஒரு நாளைக்கு ஊறுறதும் ஐம்பதுதான். மிச்சமும் இல்லை, பத்தாக்குறையும் இல்லை. இதுக்குப் பேருதான் சராசரி. ஒரு சொட்டு பிசகினா என் வாலை அறுத்துக்கங்க."

ஒரு சொட்டும் பிசகவில்லை. வால் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை: பத்துக் குடுக்கை குடிக்கிறவர் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இல்லை.

பாறையில் ஐந்து குழிகள், குழிக்குப் பத்துக் குடுக்கை. ஒருவர் குழியில் மற்றவர் வாய் வைக்கக் கூடாது. குரங்குதான் மொண்டு ஊற்றியது. காட்டெருமை ஆறைக் குடித்துவிட்டு மிச்சத்தில் மூக்கை நனைத்துக்கொண்டு கிடந்தது. மான் இரண்டைக் குடித்துவிட்டு மிச்சத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. குரங்கு தன் மிச்சத்தில் வாலை ஊறவைத்தது. முயல் ஒரு வேலை செய்தது. அதன் பரம்பரையில் யாரும் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. தினமும் குளித்தது.

யானை பத்தையும் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, ஈரக் குழியைத் தும்பிக்கை நுனியால் தடவிக்கொண்டு நின்றது.

சில நாள் போனது. யானையின் காது ஆடுவது நின்றது. நெற்றி குழி விழுந்தது. ஒரு காலையில் மரத்தடிக்கு வந்து மெதுவாகக் கேட்டது.

"தம்பி, எனக்கு நாற்பது வேணுமேப்பா."

பச்சோந்தி யானையைப் பார்க்கவில்லை. அதன் இரண்டு கண்ணும் பத்தின்மேல் இருந்தன. "அக்கா, இந்தக் காட்டுல தலைக்குத் தேவை பத்து. அதுக்கு மேல கேட்டா, தப்பு உங்க வயித்துல. கணக்குல இல்லை."

"அப்படியா?" என்றது யானை. கட்டுப்படுகிறேன் என்று சொன்ன வாய் அல்லவா? பக்கத்தில் நாலு குழியும் தளும்பிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் அது தும்பிக்கையை வைக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் யானைக்குத் தலை சுற்றியது. நாலடி நடந்து, விளாமரத்தின்மேல் மலை சரிந்த மாதிரி சாய்ந்து, அப்படியே மண்ணில் விழுந்தது. மரம் வேரோடு ஆடியது. காய்கள் பொலபொலவென்று கொட்டின. கிளை நுனியில் இருந்த பச்சோந்தியின் மண்டைக்குள்ளே ஏதோ 'சடக்' என்றது. ஒரு கண் இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம்.

இடக்கண்ணில் யானை. வாயோரம் மண் ஒட்டியிருந்தது. நாக்கு வறண்டு வெளியே கிடந்தது. வலக்கண்ணில் முயல். குழிக்குள் மல்லாந்து மிதந்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

இதுவும் பத்து. அதுவும் பத்து.

"டேய் முயலே, வெளிய வாடா!" என்று பச்சோந்தி கத்தியது. அது வாழ்நாளில் கத்தியது அந்த ஒரு தடவைதான். "குரங்கே, குடுக்கையை எடு! எல்லார் மிச்சத்தையும் அக்கா வாயில ஊத்து!"

"கணக்கு?" என்றது குரங்கு.

"கணக்கு சரிதான். நான்தான் சரியா பாக்கலை. ஊத்துடா!"

குரங்கு ஓடி ஓடி மொண்டது. காட்டெருமையின் மிச்சம் நாலு. மானின் மிச்சம் எட்டு. குரங்கின் மிச்சம் ஒன்பது. முயலின் மிச்சம் ஒன்பது. அதில் முயல் முடி மிதந்தது. மொத்தம் முப்பது. காலையில் குடித்த பத்தோடு நாற்பது. கடைசிக் குடுக்கை உள்ளே போனதும் யானையின் காது ஒரு தடவை அசைந்தது. பிறகு இன்னொரு தடவை.

"யார்றா இதுல குளிச்சது?" என்று முனகிக்கொண்டே அது எழுந்து உட்கார்ந்தது.

ஐந்து குழிகளையும் தூர்த்துவிட்டார்கள். சின்ன வயிறு முதலில், பெரிய வயிறு கடைசியில் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மழை வரும்வரை சுனை எல்லோருக்கும் போதுமானதாகவே இருந்தது.

பச்சோந்தியின் கண்களை ஒன்றுசேர்க்க எவ்வளவோ பாடுபட்டார்கள். குரங்கு தலையில் தட்டிக்கூடப் பார்த்தது. ஒரு பூச்சியைப் பிடிக்கும் கணம் மட்டும் அவை சேரும். அடுத்த கணம் பழையபடி பிரிந்துவிடும். பச்சோந்தியும் அதற்குப் பிறகு வருத்தப்படவில்லை. யாராவது வந்து "சராசரி எவ்வளவு அண்ணே?" என்று கேட்டால், "இரு, முதல்ல ரெண்டு ஓரத்தையும் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிடும்.

அந்த உச்சிவெயில் தொட்டுத்தான் பச்சோந்தியின் ஒரு கண் எங்கே அதிகம் என்றும், மற்றக் கண் எங்கே குறைவு என்றும் தேடிக்கொண்டே இருக்கிறது; இரண்டையும் பார்த்து முடித்த பிறகும், எடுத்த காலை வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளையில் வைக்கிறது.