கத்துவதற்கென்றே ஒரு தகடு

ஏற்காட்டு மலையில் பூரணி அம்மாளின் மடம் இருக்கிறது. அம்மாளுக்கு நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பொன்னம்பலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டார், காரை மடத்துக்குக் கொண்டுவந்தார். கோபத்தை மட்டும் யாரிடமும் விட மனமில்லாமல் கூடவே எடுத்துவந்துவிட்டார்.

ஒரு நாள் காலை அந்தக் கோபத்தோடு அம்மாள் முன்னால் நின்றார்.

"அம்மா, தெய்வானை டீச்சரை மடத்தை விட்டு அனுப்பிருங்க. இல்லைன்னா நான் கிளம்புறேனுங்க."

தெய்வானையும் மடத்துச் சீடர்தான். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விளக்குத் திரி கோணலாக இருந்தாலும் சொல்வார், சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் சொல்வார். மெதுவாகச் சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

"என்ன செஞ்சாங்க?"

"மகளும் மாப்பிள்ளையும் பேரனைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. சேலத்துல ரயிலேத்தி விடக் காரை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை முன்னாடியே என் கையில இருந்த எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கினாங்க. கார் சாவியையும் எடுத்து இடுப்புல சொருகிட்டாங்க. 'உங்களுக்கு அறிவு இருக்கா'ன்னு கேட்டாங்கம்மா."

"காருக்கு எண்ணெய் எதுக்கு?"

"ஒரு வாரமா பிரேக்கை மிதிச்சா கிரீச்சுனு சத்தம். கார்ல பாட்டைச் சத்தமா வெச்சுப் பார்த்தேன், அப்பவும் கேட்டுச்சு. கடையில தையல் மெஷின் இப்படிக் கத்துனா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம், அடங்கிரும். அதையேதான் சக்கரத்துல விடப் போனேன்."

அம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"டீச்சர் விஷயம் அப்புறம் பேசலாம். முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

மெக்கானிக் யூசுப் வந்து முன்சக்கரத்தைக் கழற்றினார். மகளும் மாப்பிள்ளையும் பெட்டிகளோடு பக்கத்தில் நின்றார்கள். சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடை யூசுப் எடுத்துக் காட்டினார். நகத்தின் கனம்தான் மிச்சம் இருந்தது. அதன் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் அம்மாள்.

"பேட் தேஞ்சு போனா இந்தத் தகடு உரசிக் கத்தும்மா. கத்தறதுக்குன்னே வெச்சிருக்காங்க."

"எண்ணெய் விட்டிருந்தா?"

யூசுப் மலை இறங்கும் சாலையைப் பார்த்தார்.

"பிரேக் பிடிச்சிருக்காதும்மா. கொண்டை ஊசி வளைவுல என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டாம்."

பொன்னம்பலம் மகளைப் பார்த்தார். அவள் தோளில் தூங்கும் பேரனைப் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னவர், போகும் வழியில் கார்மேல் கையூன்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனார்.

ரயில் போயே போய்விட்டது. அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. தெய்வானை சாவியை யூசுப்பிடம் மட்டும் கொடுத்தார். அவர் புதிய பேட் மாட்டி ஓட்டிப் பார்த்ததும், வாங்கி மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பழைய தகட்டை யூசுப் தூக்கி எறியப் பார்த்தார். பொன்னம்பலம் அதைக் கேட்டு வாங்கி, வேட்டி முனையில் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டீச்சர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்மா? என் குடும்பத்தையே திருப்பிக் கொடுத்திருக்காங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கார் அழுக்குக் கையோட குடத்தைத் தொட்டது யாரு? பொன்னம்பலம் சார், உங்களைத்தான்!"

பொன்னம்பலம் தன் கையைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"கேட்குதுங்களா?" என்றார் அம்மாள்.

"நல்லாக் கேட்குதும்மா."

"அப்ப போய்ச் சாவியை வாங்கிக்குங்க. தைரியமா மலை இறங்கலாம்."