ஏசுவடியானுக்கு முன்னால் பிறந்தவள்

ஒரு ஊர்ல ஒரு பேர் இருந்துச்சாம். பேர் மட்டும்தான். அந்தப் பேருக்குரிய ஆள் இன்னும் பொறக்கலை.

கால நீட்டிப் படுத்துக்கோ. ம் கொட்டணும், சரியா? நீ ம் சொல்றத நிறுத்துனா கதையும் அங்கேயே நின்னுரும்.

"ம்."

அது தேரின்னு சொல்ற செம்மண் மேட்டுப் பக்கத்துல இருக்கிற ஊரு. சுத்தியும் பனைமரம், நடுவுல வேதக்கோயில். அந்த ஊர்ல ஞானப்பூன்னு ஒரு அம்மா. அவங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாப் பிள்ளை இல்லை. அப்போ அவங்க கோயில்ல முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை பண்ணுனாங்க. "ஆண்டவரே, எனக்குப் பொறக்கிற முதல் பிள்ளையை உம்ம ஊழியத்துக்கே குடுத்துருதேன்." அப்புறம் வயித்துல பிள்ளை தங்குச்சு. உடனே பேரும் வச்சாச்சு. ஏசுவடியான்.

அப்புறம் மாசம் நிறைஞ்சு குவா குவான்னு பிள்ளை பொறந்துச்சு. துணியை விலக்கிப் பாத்தா, பொண்ணு.

"பொட்டப்பிள்ளையை எப்படி ஊழியத்துக்குக் குடுக்க?"ன்னாங்க மாமியார். "அடுத்தது பையனாத்தான் வரும். பொருத்தனையை அவனுக்கு மாத்திக்கிடுவோம்."

எல்லாரும் தலையாட்டுனாங்க. ஆண்டவர்கிட்ட யாரும் கேக்கலை. முதல் பிள்ளைன்னுதானே வாக்குக் குடுத்தோம், ஆம்பளப் பிள்ளைன்னு சொல்லலையேன்னு ஒருத்தருக்கும் தோணலை. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, பொறக்காத தம்பிக்கு இடம் பிடிச்சு வச்சுட்டாங்க. கையில இருந்த பிள்ளைக்கு சுகிர்தான்னு வேற பேர் வச்சாங்க.

"ம்."

அப்புறம் தம்பியும் வந்துட்டான். ஏசுவடியான்னு பேரும் அவனுக்குப் போச்சு. அவனுக்கு நடக்க வந்ததும் ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்தி, "பிரசங்கம் பண்ணு ராசா"ன்னாங்க. அவன் வாயைத் திறந்து "டபடபடபடப"ன்னான். தோட்டத்துல ஓடுற மோட்டார் சத்தம் அது. அவனுக்கு அந்த மோட்டார்தான் உயிரு. 

ஒரு நாள் சுகிர்தா அம்மாகிட்டக் கேட்டா. "எம்மா, நீங்க பொருத்தனை பண்ணுனப்போ வயித்துல வந்தது நான்தானே?"

"உலை கொதிக்கு, போய்ப் பாருட்டி"ன்னாங்க அம்மா.

உலை கொதிக்கவே இல்லை. அடுப்பே பத்த வைக்கலை.

அப்புறம் அம்மா தம்பியை மடியில வச்சுச் சொல்லுவாங்க. "ஆண்டவர் ஊழியத்துக்குக் கூப்பிடும்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். காதைத் தீட்டி வச்சுக்கோ." தம்பி காதைத் தீட்டி வச்சான். சுகிர்தாவை யாரும் சொல்லலை, ஆனா அவளும் தீட்டி வச்சா.

"ஏலே, உனக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"மோட்டார் சத்தம்தாங்க்கா கேக்கு. உனக்கு?"

"எனக்குக் கொசு சத்தம்தான்."

"ம்… சித்தி, கொசு என்ன சொல்லுச்சு?"

ஙொய்ன்னு சொல்லுச்சு. நீ கதையைக் கேளு.

அந்த ஊர்ல அருளாயி அத்தைன்னு ஒருத்தங்க. காலையில இடியாப்பம் விப்பாங்க. அவங்களுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. கூவி விக்க முடியாதுல்ல? அதனால கரண்டியை வச்சுச் சட்டி மூடியில தட்டுவாங்க. டொக், டொக், டொக். சத்தம் கேட்டு எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா வெள்ளைச் சேலை கட்டிக் கோயிலுக்கு வந்துருவாங்க. பொம்பளைங்க பக்கம், பாய்ல, சுகிர்தாவுக்குப் பின்னாடிதான் உக்காருவாங்க. எல்லாரும் எந்திரிச்சா எந்திரிப்பாங்க, எல்லாரும் உக்காந்தா உக்காருவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை போதகர் பிரசங்கத்துல ஏதோ வேடிக்கையாச் சொன்னார். கோயிலே கொல்லுன்னு சிரிச்சுது. சுகிர்தா தோள்ல டொக் டொக்னு ஒரு விரல் தட்டுச்சு. அருளாயி அத்தை. என்னன்னு புருவத்தைத் தூக்கிக் கேட்டாங்க. சுகிர்தா ஒண்ணுமில்லன்னு கையை ஆட்டிட்டா.

அடுத்த வாரமும் டொக் டொக். இது என்னடா தொந்தரவுன்னு சுகிர்தா நகந்து தூணோரமாப் போய் உக்காந்துட்டா.

"ம்."

அதுக்கடுத்த வாரம் போதகர் சொன்னார். "நம்ம அருளாயி அம்மாவோட பேரன் ஆஸ்பத்திரியில இருக்கான், அவனுக்காக ஜெபிப்போம்." எல்லாரும் திரும்பி அத்தையைப் பாத்தாங்க. அத்தைக்கு எதுவும் புரியலை. சேலை ஏதும் விலகிருச்சோன்னு முந்தியைச் சரி பண்ணுனாங்க. முகத்தைத் துடைச்சாங்க. முகத்துல ஒண்ணும் இல்லை. அப்புறமும் எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அத்தை கூசிப் போய், தூணோரமா நகந்து வந்து, டொக் டொக்.

சுகிர்தா இந்தத் தடவை நகரலை. திரும்பி உக்காந்தா. பேரன் உயரத்துக்குக் கையைக் காட்டுனா. அவன் எப்பவும் மூக்கைத் தேய்ப்பானே, அதே மாதிரி மூக்கைத் தேய்ச்சுக் காட்டுனா. படுத்திருக்கான்னு கன்னத்துல கை வச்சா. அப்புறம் கோயில்ல இருக்கிற எல்லாரையும் சுத்திக் காட்டி, ரெண்டு கையையும் கூப்பினா.

அத்தை புரிஞ்சுக்கிட்டு அவ சுண்டுவிரலைப் பிடிச்சவங்க, ஆராதனை முடியிற வரைக்கும் விடலை.

வீட்டுக்குப் போற வழியெல்லாம் சுகிர்தா யோசிச்சா. இத்தனை வருஷமா அத்தை இதே பாய்ல உக்காந்திருக்காங்க. அவங்களுக்காகவே ஜெபிச்சாக்கூட அவங்களுக்குத் தெரியலை. நாம பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு காதையே தீட்டிக்கிட்டு இருந்தோம். ஆண்டவர் தோளைத் தட்டியிருக்கார். நாம நகந்து உக்காந்திருக்கோம்.

அப்புறம் என்ன பண்ணுனா தெரியுமா? டவுன்ல காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் இருக்குல்ல, சனிக்கிழமை சனிக்கிழமை அங்க போனா. அங்க இருந்த பிள்ளைங்களே அவளுக்குக் கைப்பேச்சு கத்துக் குடுத்துச்சுங்க. தப்பாக் காட்டுனா விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. வருஷம் போச்சு. நல்லாக் கத்துக்கிட்டா, அருளாயி அத்தைக்கும் கத்துக் குடுத்தா. அப்புறம் கோயில்ல முன்னாடி நின்னு, போதகர் வாயால சொல்றதை இவ கையால சொன்னா. அருளாயி அத்தை மட்டுமா வந்தாங்க? பக்கத்து ஊர்ல இருந்து ஒரு தச்சர், ஒரு புருஷன் பொண்டாட்டி, ஒரு காலேஜ் பையன், இப்படி ஒரு பாய் நிறைஞ்சுபோச்சு.

"ம்…"

அப்போ முதல் சோதனை வந்துச்சு. கமிட்டிச் செயலாளர் அண்ணாச்சி வந்தார். "ஏம்மா, கோயில்ல முன்னாடி நின்னு கையைக் கையை ஆட்டிக்கிட்டு, இது என்ன நாடகக் கொட்டகையா? பின்னாடி போய் நின்னு செய்யி."

"அண்ணாச்சி, காதால கேக்கிறவங்களுக்கு நான் எங்க நின்னாலும் ஒண்ணுதான். கண்ணால கேக்கிறவங்களுக்கு நான் முன்னாடி நின்னாத்தானே தெரியும்?"

"எதுத்துப் பேசாத. பின்னாடின்னா பின்னாடி."

சரின்னு சுகிர்தா கடைசித் தூண்கிட்டப் போய் நின்னா. அடுத்த ஞாயித்துக்கிழமை போதகர் பிரசங்கம் பண்ண ஏறிப் பாத்தா, அந்தப் பாய்ல இருந்த அத்தனை பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக் கடைசித் தூணைப் பாத்து உக்காந்திருக்காங்க. அவருக்குத் தெரிஞ்சது கொண்டையும் வழுக்கையும்தான். சிரிப்பை அடக்க முடியாம, "செயலாளரே, அந்தப் பிள்ளையை முன்னாடி கூப்பிடும், இவங்க மூஞ்சியை நானும் பாக்கணும்"ன்னுட்டார்.

அப்புறம் ரெண்டாவது சோதனை. மாப்பிள்ளை வீடு. நல்ல வேலை, நல்ல பையன், டீயில சீனி கம்மின்னாலும் குறை சொல்லாமக் குடிச்சான். அவங்க அம்மா மட்டும், "எங்க ஊர்ல பாடகர் குழு இருக்கு, நீ அதுல பாடு. இந்தக் கையாட்டுற வேலையெல்லாம் இந்த ஊரோட விட்டுரும்மா"ன்னாங்க.

சுகிர்தா மாப்பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "உங்க கோயில்ல காது கேக்காதவங்க எங்க உக்காருவாங்க?"

"அப்படி யாரும் எங்க கோயிலுக்கு வர்றதில்லையே."

"ஏன் வர்றதில்லை?"

அவன் யோசிச்சான். பாவம், நெசமாவே யோசிச்சான். இவ அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போகலை.

தூங்கிட்டியா?

"ம்கூம்… மூணாவது?"

மூணாவதுதான் கஷ்டமானது. ஏன்னா அது அம்மாகிட்ட இருந்து வந்துச்சு.

ஏசுவடியான் வளந்துட்டான். அவனை இறையியல் கல்லூரிக்கு அனுப்ப நாள் குறிச்சாச்சு. அந்த ஊர் வழக்கம் என்னன்னா, ஊழியத்துக்குப் போற பிள்ளையைச் சபைக்கு முன்னாடி நிறுத்துவாங்க. ஆண்டவர் தன்னை எப்படிக் கூப்பிட்டார்னு அவன் சொல்லணும். அப்புறம் ஜெபிச்சு அனுப்புவாங்க. அதுக்கு முந்தின நாள், அம்மா சுகிர்தா பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"மக்கா, நாளைக்கு ஒரு நாள் நீ முன்னாடி நிக்காத. எல்லார் கண்ணும் உன் கையைத்தான் பாக்கு. நாளைக்கு அவனைப் பாக்கட்டும். என் பொருத்தனை நிறைவேறுற நாளு. ஒரே ஒரு நாள்தானே."

அண்ணாச்சிக்குப் பதில் சொன்ன வாய்க்கு, அம்மாவுக்குச் சொல்லச் சட்டுன்னு வரலை. அம்மா அதட்டலை பாரு. கெஞ்சுனாங்க. சுகிர்தா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஒரு நாள்தாம்மா. ஆனா அந்த ஒரு நாள் அவங்களுக்கு யாரும்மா இருக்கா?"

அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க.

"ம்…"

மறுநாள் கோயில் மணி அடிச்சுது. டங், டங், டங். சுகிர்தா தன் இடத்துல போய் நின்னா. அம்மா அவ முகத்தைப் பாக்கலை. அப்புறம் ஏசுவடியான் வந்து நின்னான். புதுச் சட்டை. கை மட்டும் கறுப்பு, எவ்வளவு தேய்ச்சும் கிரீஸ் போகலை. பேச ஆரம்பிச்சான். சுகிர்தா கையும் ஆரம்பிச்சுது.

"சின்ன வயசுல இருந்து அம்மா காதைத் தீட்டி வச்சுக்கோன்னாங்க. நானும் வச்சேன். எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலை."

சுகிர்தா கை அதைச் சொல்லுச்சு.

"கேக்காததைக் கேட்டேன்னு ஆண்டவர் வீட்டுல நின்னு பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மா முதல் பிள்ளையைத் தாரேன்னு பொருத்தனை பண்ணுனாங்க. நான் ரெண்டாவது பிள்ளை."

அதையும் சொல்லுச்சு.

"முதல் பிள்ளை எங்க அக்கா. அவ எப்பவோ ஊழியத்துக்குப் போயிட்டா. உங்க கண்ணு முன்னாடிதான் நிக்கா."

அப்போ கை நின்னுபோச்சு.

கோயில்ல எல்லாருக்கும் கேட்டாச்சு. ஒரு பாய்க்கு மட்டும் இன்னும் கேக்கலை. சுகிர்தா கையைத் தொங்கப் போட்டுட்டு நின்னா. தன்னைப் பத்தி எப்படித் தானே சொல்றது?

டொக், டொக், டொக். அருளாயி அத்தை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தரையில தட்டுனாங்க. புருவத்தைத் தூக்குனாங்க. என்ன சொன்னான்? சொல்லு.

சுகிர்தா சொன்னா. முதல் பிள்ளைன்னு சொன்னா. ஊழியம்னு சொன்னா. அப்புறம் விரலைத் தன் நெஞ்சுல வச்சா. நான்.

அந்தப் பாய்ல இருந்த எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுனாங்க. அவங்க அப்படித்தான் கை தட்டுவாங்க, சத்தமே வராது.

ஆராதனை முடிஞ்சுது. அம்மா என்ன பண்ணுவாங்களோன்னு சுகிர்தா பாத்துக்கிட்டே இருந்தா. அம்மா அவகிட்ட வரலை. நேரா அந்தப் பாய்க்குப் போய், அருளாயி அத்தை தோளைத் தட்டுனாங்க. சுகிர்தாவைக் காட்டுனாங்க. தன் வயித்தைத் தொட்டுக் காட்டுனாங்க. இதைக் கையால எப்படிச் சொல்லன்னு கேட்டாங்க. அத்தை செஞ்சு காட்டுனாங்க. அம்மாவுக்கு விரல் மடங்கலை. அத்தை அந்த விரலைப் பிடிச்சு மடக்கி, இப்படி இல்ல, இப்படின்னாங்க. அம்மா திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்து, மகளைப் பாத்துச் சரியாச் சொன்னாங்க. என் மூத்த பிள்ளை.

"அப்போ… தம்பி?"

தம்பி மோட்டார் மெக்கானிக் ஆயிட்டான். டபடபடப. ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர்க்காரங்களை வேன்ல கூட்டிக்கிட்டு வர்றது அவன்தான்.

ம் எங்க? ம் வரலையே.

சரி. கோயிலைப் பூட்டியாச்சு, பாயைச் சுருட்டியாச்சு, கதையும் வீட்டுக்குப் போயிருச்சு. நீ தூங்கு.