சாக்கில் கிடந்த சுருக்கெழுத்து

காலணித் தொழிலாளர் சங்கச் செயலாளர் வீரபத்திரனுக்கு அறுபத்திரண்டு வயது. கணினிப் பாதுகாப்பு படித்த தஸ்னீமுக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் அவர்தான் சீடர். சனிக்கிழமைதோறும் நோட்டுடன் வந்து அவள் எதிரே உட்காருவார்.

மேலாளர்கள் மீது ரகசியப் புகார் கொடுத்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அவர்கள் பெயர்ப் பட்டியலைக் குறியாக்கப் பூட்டுப் போட்டு, கிளைகளுக்கெல்லாம் சங்கம் மின்னஞ்சலில் அனுப்பும். பெயர் வெளியே போனால் அந்தப் பெண்களுக்கு எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது. அந்த ஒரு விஷயத்தில் முதலாளிகளுக்குள் ஒற்றுமை உண்டு.

"டீச்சர், குவாண்டம் கணினின்னு ஒண்ணு வருதாம். நம்ம பூட்டை உடைச்சிடுமாமே?"

"வந்தா உடைக்கும். அதுக்கும் அசையாத பூட்டு வந்தாச்சு தோழர். இந்த வாரமே மாத்திடலாம்." அவள் கண்கள் மின்னின.

"அது வரட்டும், மாத்துவோம். பத்து வருஷமா நிர்வாகத்தால ஒரு வரி படிக்க முடியல. மாநாட்டுலயே சொன்னேன்."

"மைக்லயா?"

"பின்ன?"

தஸ்னீம் சிரித்தாள். "அந்தப் பெரிய வேலைநிறுத்தத்துல நிர்வாகத்தோட ரகசியம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதலாளி சொல்லச் சொல்ல ஸ்டெனோ சுருக்கெழுத்துல எழுதுவார். நோட்டு முடிஞ்சா குப்பைக்கூடை. எவனுக்குப் புரியப்போகுதுன்னு திமிரு. கூட்டுற மரகதம் பொறுக்கிட்டு வந்து தருவா."

"உங்களுக்குச் சுருக்கெழுத்து தெரியுமா?"

"கோழி கிளறின மாதிரி இருக்கும். மூணு வருஷம் சாக்குல சேர்த்து வச்சோம். அப்புறம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச கிரேஸ் சங்கத்துல சேர்ந்தா. ஒரே வாரம். மொத்தத்தையும் படிச்சிட்டா. முதலாளி மூஞ்சியப் பார்க்கணுமே…"

பாதியில் நிறுத்தினார்.

"நம்ம மெயிலையும் எவனாவது சேர்த்து வச்சிருப்பானா?"

"நானா இருந்தா வச்சிருப்பேன்."

"இன்னைக்கே மாத்துங்க டீச்சர்."

"மாத்திடறேன். இனிமே அனுப்பறதுக்கு அது போதும்."

"ஏற்கெனவே போன நாற்பத்தொரு பேர்?"

"அதைத் திரும்ப வாங்க முடியாது."

"அந்தக் கணினி வர எத்தனை வருஷம் இருக்கு?"

"பத்து இருக்கலாம். அஞ்சும் இருக்கலாம்."

"அதுக்குள்ள நான் என்ன பண்ண?"

விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள் தஸ்னீம். "பூட்டு என் வேலை. அந்தப் பேரை அவங்க படிக்கிற நாள்ல, படிச்சும் ஒண்ணும் செய்ய முடியாத மாதிரி ஒரு சங்கத்தைக் கட்டுறது உங்க வேலை."