ஊதாத் தீற்றல்

குலசேகரன் கைரேகை நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூக்கில் இடிக்கிற தூரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அப்பேர்ப்பட்ட மனிதர், வயதில் மிகவும் இளையவரான யூனிஸ் டீச்சரிடம் ஓவியம் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்ததை அவர் தெருவில் யாரும் நம்பவில்லை.

"இம்ப்ரெஷனிச ஓவியம்னா என்ன டீச்சர்? புத்தகமெல்லாம் படிச்சுட்டேன். தலையும் புரியல, வாலும் புரியல" என்றார் ஒருநாள்.

"எந்தப் படம் புரியல?"

"எங்க வீட்டுல மாட்டியிருக்கறது. பனி மூடின ஏரி. யாரோ பிரெஞ்சுக்காரர் வரைஞ்சதோட அச்சுப் பிரதி. என் மனைவி பூங்கோதை படுக்கையில விழுந்த பிறகு அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தா. அவ என்ன பார்த்தான்னு தெரியாமலே நான் போய்ச் சேர்ந்துடக் கூடாது."



மறுநாள் காலை டீச்சர் அவர் வீட்டுக்கு வந்தார். குலசேகரன் லென்ஸும் கையுமாகப் படத்தருகே போய் நின்றார்.

"பாருங்க, எல்லாம் திட்டுத் திட்டா இருக்கு. இந்த மூலையில நாலு ஊதாத் தீற்றல். அழுக்குன்னு நினைச்சு ஈரத்துணியால துடைச்சுக்கூடப் பார்த்துட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "உங்க மனைவி எங்கிருந்து பார்த்தாங்க?"

எதிர்ச் சுவரோரம் இருந்த கட்டிலைக் காட்டினார். பூங்கோதை போன பிறகு அந்த விரிப்பின் சுருக்கத்தைக்கூட அவர் கலைத்ததில்லை.

"படுங்க" என்றார் டீச்சர்.

குலசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொல்றீங்க? அது அவ படுக்கை! நான் அதுல உட்கார்ந்ததுகூட இல்ல!"

"அதனாலதான் சொல்றேன் சார். லென்ஸை இப்படிக் குடுங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படம் பார்க்க வழி கேட்டால், போனவள் படுக்கையில் ஏறச் சொல்கிறாளே இந்தப் பெண்! ஆனால் ஆசை விடவில்லை. லென்ஸைக் கொடுத்துவிட்டு, அந்தத் தலையணையில் தலை வைத்துத் திரும்பினார்.

ஜன்னல் வெளிச்சம் படத்தின்மேல் விழுந்திருந்தது. திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணீராயின. மூலையில், அவர் துடைத்துப் பார்த்த இடத்தில், பனிக்குள்ளிருந்து குடை பிடித்தபடி ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். லேசான கூனல். இடது தோள் சற்றே இறங்கியிருந்தது.

குலசேகரனுக்கும் இடது தோள் அப்படித்தான்.

விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"டீச்சர்... அவ காலையில கண்ணைத் திறந்ததும், படத்தைப் பார்த்து 'இதோ வந்துட்டீங்களே'ம்பா. 'குடையை மடக்கிட்டு உள்ள வாங்க'ம்பா. மாத்திரை மயக்கத்துல உளர்றாள்னு நான் டாக்டர்கிட்ட சொல்லி மருந்தை மாத்தச் சொன்னேனே!"

குலசேகரன் மறுபடி படத்தின் மூலையைப் பார்த்தார்.

"ஐயோ, இதுல நான் இருக்கேன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

யூனிஸ் டீச்சர் லென்ஸை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

"தினமும் சொன்னாங்களே, சார்."